டேர்ட் பைக் பனியில் ஓடும். ஆனால் எந்தப் பனியில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கோடையில் காட்டுப் பாதைகளில் ஓட்டும் டேர்ட் பைக்கின் இரண்டு சக்கரங்களையும் கழற்றிவிட்டு, முன்னால் ஒரு சறுக்குப் பலகையையும் பின்னால் ஒரு றப்பர் பட்டையையும் பூட்டினால் அதே வண்டியைப் பனியிலும் ஓட்டலாம் என்று தங்கள் பத்திரிகையின் குளிர்காலச் சிறப்புப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். இப்படி மாற்றிய வண்டியை 'ஸ்னோ பைக்' என்பார்கள். நம்மவர் பத்திரிகையொன்றில் அதைப் பற்றி எழுதப்பட்டிருந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால், 'ஒரே வண்டி, இரண்டு பருவம்' என்று அக்குறிப்பு முடிந்திருந்ததைக் கண்டபோது இக்கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸ் நகரில் வசிக்கும் நான் கனரக வாகனங்களைத் திருத்தும் தொழில் செய்பவன். ஆறு குளிர்காலங்களாக 450 சிசி டேர்ட் பைக் ஒன்றைப் பனிக்கு மாற்றி மலையில் ஓட்டி வருகிறேன். ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இதை வாங்க எண்ணும் இளைஞர்களுக்கும், அவர்களுக்குப் பணம் கொடுக்கப்போகும் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால், நான் கண்டவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வண்டி தரும் இன்பத்துக்கு நிகரான இன்னொன்றை நான் இந்நாட்டுக் குளிர்காலத்தில் கண்டதில்லை. ஆனால் அந்த இன்பம் முழுவதும் ஆழமான, மிதிபடாத மலைப்பனிக்கு உரியது. அத்தகைய பனி இல்லாத இடத்தில் அதே வண்டி செலவும் சிரமமும் மிகுந்த, ஓட்டுவதற்குச் சுகமற்ற ஒரு பொருளாகிவிடுகிறது. தங்கள் குறிப்பில் விடுபட்டது இந்த இட வேறுபாடுதான்.

வண்டியொன்றை அதற்கு விதிக்கப்படாத வேலைக்கு மாற்றுவது நம்மவர்களுக்குப் புதியதல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், வடமராட்சியில் என் மாமா நடத்திய திருத்தகத்தில் நான் எடுபிடியாக நின்றேன். சில துளி பெற்றோலை விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட மோட்டார் சைக்கிள்கள் நாள்தோறும் அங்கே வந்துபோயின. மண்ணெண்ணெய் முழுமையாக எரியாததால் கரி படிந்துபோன பிளக்குகளைச் சுரண்டித் துடைத்துக் கொடுப்பதே என்னுடைய முதல் வேலையாக இருந்தது. "ஓடுது எண்டு சந்தோசப்படாதை தம்பி, எதைத் திண்டு ஓடுது எண்டு பார்" என்று மாமா அடிக்கடி சொல்வார். பனிக்கு மாற்றிய என் வண்டியை ஒவ்வொரு முறை திறந்து பார்க்கும்போதும் அந்தச் சொல் நினைவுக்கு வருகிறது.

மாற்றம் எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அதன் நன்மை தீமைகள் தாமாகவே விளங்கும். முன்சக்கரத்தையும் அதன் பிறேக்கையும் கழற்றி, முன் ஃபோர்க்கின் அடியில் அகலமான ஒற்றைச் சறுக்குப் பலகையைப் பூட்டுகிறோம். பின்னால் சக்கரம், அதைத் தாங்கும் ஸ்விங் ஆம், அதிர்வை வாங்கும் ஷொக் ஆகிய மூன்றும் வெளியே வந்துவிடுகின்றன. ஸ்விங் ஆம் பொருந்தியிருந்த அதே அச்சில், பட்டையும் அது சுற்றிவரும் சட்டகமும் வந்து அமர்கின்றன. பட்டையின் சுற்றளவு வழக்கமாக 120 அங்குலம், அதாவது ஏறத்தாழ மூன்று மீற்றர். அதைவிட நீளமான 129, 137 அங்குலப் பட்டைகளும் உண்டு. பனியை வாரிப் பின்னால் தள்ளுவதற்காக அதன்மேல் இரண்டரை அங்குலம் அளவு உயர்ந்த றப்பர்ப் பற்கள் வரிசையாக நிற்கின்றன. எஞ்சினிலிருந்து செயின் வழியாக வரும் விசை பட்டையைச் சுழற்றும் தண்டுக்குப் போகிறது. முன் பிறேக் இல்லாமற்போவதால், வண்டியை நிறுத்துவதற்கு மிஞ்சுவது அந்தத் தண்டைப் பிடிக்கும் ஒரே பிறேக்தான்.

இந்தத் தொகுதி எல்லா வண்டிக்கும் நேராகப் பொருந்திவிடுவதில்லை. எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி, எந்த ஆண்டு என்பதைப் பார்த்து அதற்குரிய பொருத்து உதிரிகளைத் தனியாக வாங்க வேண்டும். நான் முதன்முறை வாங்கியபோது கடையில் ஓராண்டு முந்திய மாதிரிக்குரிய உதிரிகளைத் தந்துவிட்டார்கள். செயின் ஓடும் கோடு சில மில்லிமீற்றர் விலகியிருந்ததைக் கவனிக்காமல் நானும் பூட்டிவிட்டேன். தெருவிலிருந்து ஒன்பது கிலோமீற்றர் தூரத்தில் செயின் அறுந்தது. நண்பரின் வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு இறங்கினோம். தொழில் தெரிந்த எனக்கே முதல் மாற்றத்துக்கு ஒரு முழுநாள் தேவைப்பட்டது. இப்போது நான்கு மணித்தியாலங்களில் முடிக்கிறேன்.

பனியில் றப்பர் பட்டையை ஓட்டுவது இந்த நாட்டின் சொந்தத் தொழில்நுட்பம் என்பதையும் சொல்ல வேண்டும். கியூபெக் மாகாணத்தின் வல்கூர் என்ற ஊரில் 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பனி மூடிய வீதிகளைக் கடந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முடியாமல், இரண்டு வயது மகனை இழந்தவர் ஜோசப் ஆர்மோன் பொம்பார்டியே. பல்சில்லும் றப்பர் பட்டையும் இணைந்த அவருடைய இயக்கமுறைக்கு 1937இல் காப்புரிமை கிடைத்தது. 1959இல் அவருடைய நிறுவனத்தின் ஸ்கீ-டூ என்ற ஸ்னோமொபீல், அதாவது முன்னால் பலகைகளும் பின்னால் பட்டையும் கொண்ட பனி வண்டி, சந்தைக்கு வந்தது. அந்தப் பட்டையை மோட்டார் சைக்கிளின் பின்னால் பூட்டும் முயற்சிகள் பலகாலமாக நடந்துவந்தாலும், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சான்ட்பொயின்ற் நகரில் அலன் மேங்கம் தொடங்கிய டிம்பர்ஸ்லெட் நிறுவனம்தான் ஆழ்பனியில் நம்பி ஓட்டக்கூடிய தொகுதியைப் பரவலாக்கியது. 2015இல் ஸ்னோமொபீல் செய்யும் பொலாரிஸ் நிறுவனம் அதை வாங்கியது. 2017இல் அஸ்பென் நகரில் நடந்த எக்ஸ் கேம்ஸ் என்ற குளிர்காலச் சாகச விளையாட்டுப் போட்டியில் ஸ்னோ பைக் பந்தயம் முதன்முறையாக இடம்பெற்றபோது, தங்கம் வென்றவர் எங்கள் மாகாணத்தைச் சேர்ந்த புறொக் ஹோயர். அந்தக் காணொளியைப் பார்த்த இரவில்தான் எனக்கும் இந்த ஆசை பிடித்தது.

இனி இன்பத்தைச் சொல்கிறேன். கம்லூப்ஸிலிருந்து ஏறத்தாழ இருநூறு கிலோமீற்றர் கிழக்கே ரெவல்ஸ்ரோக் என்ற சிறுநகரம் இருக்கிறது. அதன் அருகிலுள்ள கோப்லண்ட் மலையில் 1971-72 குளிர்காலத்தில் மொத்தம் 24 மீற்றருக்கும் அதிகமான பனி பெய்தது. கனடாவில் ஒரே குளிர்காலத்தில் பதிவான மிகக்கூடிய பனிப்பொழிவு அதுதான். அத்தகைய மலைகளின் மேற்பகுதியில், இரவெல்லாம் பெய்து ஓய்ந்த பனியில், காலை வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும்போது வண்டியை இறக்கினால், முதல் சில மீற்றர்களுக்கு அது அமிழ்ந்து போய்விடும் என்றே தோன்றும். விசையைக் குறைக்காமல் பிடித்திருந்தால் முன்பலகை மெல்ல எழும்பும், பட்டை பனியின்மேல் ஏறும், அதன்பின் வண்டி மிதக்கத் தொடங்கிவிடும். அந்தக் கணத்திலிருந்து கைபிடியைத் திருப்பத் தேவையில்லை. உடம்பைச் சாய்த்தாலே போதும், வண்டியும் சாய்ந்துகொண்டு வளையும். மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்த உடம்புக்கு இது புதிதாகக் கற்க வேண்டியதொன்றல்ல. சிறுவயதில் வடமராட்சி கிழக்கில் மணற்காட்டு மணல்மேடுகளுக்குள் மாமாவின் வண்டியை ஓட்டியபோது, முன்சக்கரம் புதையாமல் இருக்கப் பின்னுக்குச் சாய்ந்து விசையைக் கூட்டிப் பிடிக்கக் கற்றிருந்தேன். பயந்து விசையைக் குறைத்தவன்தான் அங்கே விழுவான்; பனியிலும் அப்படித்தான். சூடான மணலிலே கற்ற ஒன்று, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகையில் கைகொடுத்தபோது எனக்குக் கண் கலங்கியது.

ஸ்னோமொபீலோடு ஒப்பிட்டால் இதன் பெருமை இன்னும் தெளிவாகும். மலையில் ஓட்டும் ஸ்னோமொபீல் ஒன்று இருநூறு கிலோவை ஒட்டியோ அதைத் தாண்டியோ இருக்கும்; மாற்றிய டேர்ட் பைக் ஏறத்தாழ 140 கிலோ. ஸ்னோமொபீலுக்கு முன்னால் இரண்டு பலகைகள் அகன்று நிற்பதால், நெருக்கமான மரங்களுக்கிடையே அது நுழைய முடியாது. ஸ்னோ பைக் கைபிடி புகும் இடத்திலெல்லாம் புகுந்துவிடும். செங்குத்தான சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில் ஓட்டிச் செல்வது ஸ்னோமொபீல் ஓட்டுநருக்குப் பல ஆண்டுப் பயிற்சி கேட்கும் வித்தை. ஒற்றைப் பலகையும் ஒடுங்கிய பட்டையும் கொண்ட ஸ்னோ பைக்கிலோ அதை இரண்டாம் நாளிலேயே செய்யலாம். தேவதாரு மரங்களுக்கு ஊடாக, கிளைகளில் தங்கிய பனி தோளில் உதிர, ஒருவர் பின் ஒருவராக வளைந்து வளைந்து இறங்கி, அடிவாரத்தில் எஞ்சின்களை நிறுத்தியதும் சூழும் அமைதியில் நண்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கும் அந்த நிமிடத்துக்காகவே நான் கோடை முழுவதும் காத்திருக்கிறேன்.

இப்போது, அது எதைத் தின்று ஓடுகிறது என்பதைப் பார்ப்போம்.

டேர்ட் பைக்கின் எஞ்சின் கோடை வெயிலில், குறைந்த வேகத்தில், சேற்றிலும் புழுதியிலும் சூடேறாமல் இருக்க வேண்டும் என்பதற்காக வடிவமைக்கப்பட்டது. ஆகவே பந்தயத்துக்காகச் செய்யப்படும் பெரும்பாலான வண்டிகளில், எஞ்சின் சூடேறும்வரை குளிராக்கி நீரைத் தடுத்து வைக்கும், காரில் இருப்பதுபோன்ற தெர்மோஸ்ரற் இருப்பதில்லை; குளிராக்கி நீர் எப்போதும் றேடியேற்றருக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகையில் இந்த ஏற்பாடு தலைகீழான தீமையைச் செய்கிறது. எஞ்சின் தேவையான சூட்டை எட்டுவதே இல்லை. எரியாத பெற்றோல் சிலிண்டர்ச் சுவரின் வழியே வடிந்து எண்ணெயோடு கலக்கிறது. எரிதலில் உண்டாகும் நீராவியும் ஆவியாகி வெளியேறாமல் உள்ளேயே குளிர்ந்து எண்ணெயில் சேர்கிறது. முதல் குளிர்காலத்தில், தனியாக ஒரு தெர்மோஸ்ரற் பூட்ட வேண்டும் என்று பலர் சொல்லியும், முந்நூறு டொலரை மிச்சப்படுத்தலாம் என்று எண்ணி, றேடியேற்றரைத் துணிப்பட்டையால் மறைத்துவிட்டு ஓட்டினேன். நான்காவது பயணத்துக்குப் பிறகு எண்ணெயை வடித்தபோது அது பால்தேநீரின் நிறத்தில் வந்தது. மசகுத்தன்மை இழந்த அந்த எண்ணெயில் ஓடிய பெயாரிங்குகளை மாற்றுவதற்கு, மிச்சப்படுத்திய தொகையைப்போல் நான்கு மடங்கு செலவாயிற்று. எஞ்சினைக் கழற்றி இறக்கிய அந்தப் பெப்ரவரியில் ஒரு நாள்கூட மலைக்குப் போகவில்லை. பனிக்கு மாற்றுவோர் முதலில் வாங்க வேண்டிய உதிரி தெர்மோஸ்ரற் என்பதைத் தங்கள் வாசகர்கள் மறக்கக் கூடாது.

காற்றுப்பெட்டி அடுத்த தொல்லை. முன்பலகை கிளப்பும் தூள்பனி, எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் காற்றுவடிக்குள் புகுந்து உருகி, மறுபடி உறைந்து எஞ்சினின் மூச்சை அடைத்துவிடும். பனி புகாத துணைவடி ஒன்றை அதன்மேல் போட வேண்டும். கார்பரேற்றர் வண்டியாயின் உயரத்துக்கேற்ப, பெற்றோலின் அளவைத் தீர்மானிக்கும் ஜெற்றையும் மாற்ற வேண்டும். எரிபொருளை ஊசிமுறையில் செலுத்தும் வண்டிகள் இதைத் தாமாகவே சரிசெய்துகொள்ளும் என்றாலும், மெல்லிய காற்றுக்கு அவற்றிடமும் மருந்தில்லை. 2,000 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினின் வலுவும் அந்த அளவுக்குக் குறைகிறது. 450 சிசி வண்டியின் ஐம்பது சொச்சக் குதிரைவலுவிலிருந்து பத்தைக் கழித்துவிட்டு ஆழ்பனியில் மலையேறுவதென்றால், விசையை ஏறக்குறைய முழுமையாகத் திறந்து வைத்தே ஏற வேண்டும். 250 சிசி நான்கு வீச்சு வண்டியை மாற்ற எண்ணுபவர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

இப்படி ஓய்வில்லாமல் இழுப்பதால் பெற்றோலும் விரைவாகத் தீர்ந்துபோகும். பந்தய வண்டியின் பெற்றோல் தாங்கி ஏழு லீற்றரை ஒட்டியே கொள்ளும். கோடையில் அரைநாள் போதுமான அந்த அளவு, இடுப்பளவு பனியில் மதியத்துக்கு முன்பே முடிந்துவிடும். பட்டைச் சட்டகத்தின் பின்னால் மேலதிகக் கொள்கலன் ஒன்றைக் கட்டாமல் நான் தெருவை விட்டு விலகுவதில்லை. இவ்வகை எஞ்சின்களின் பராமரிப்பைக் கிலோமீற்றரால் கணக்கிடுவதில்லை, ஓடிய மணித்தியாலங்களால் கணக்கிடுகிறார்கள். பனியில் ஓடும் ஒரு மணித்தியாலம் கோடையின் ஒரு மணித்தியாலத்தைவிடக் கடுமையானது என்பது என் அனுபவம். கோடையில் ஓராண்டு கழித்துப் பார்க்கும் வால்வு இடைவெளியை, குளிர்காலத்தில் இரண்டு முறை பார்க்கிறேன்.

வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதும் உண்டு. இதற்குப் பின்னோக்கிச் செல்லும் கியர் கிடையாது. மரத்துக்கு முன்னால் போய் முட்டி நின்றால், இறங்கி, மார்பளவு பனியை மிதித்து இறுக்கி, பின்பகுதியைத் தூக்கித் திருப்ப வேண்டும். 140 கிலோ என்பது ஸ்னோமொபீலோடு ஒப்பிடும்போது குறைவுதான். ஆனால் ஒரே நாளில் இருபதாவது முறை தூக்கும்போது அது குறைவாகத் தெரிவதில்லை. பின்னால் ஆளை ஏற்றவும் முடியாது, நண்பர் ஒருவர் காயமடைந்தால் அவரைச் சுமந்து இறங்குவதற்கும் இது உதவாது. ஆகவே எங்கள் குழுவில் குறைந்தது ஒருவராவது ஸ்னோமொபீலில் வர வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

ரொறன்ரோ வாசகர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். ஒன்ராறியோவில் ஸ்னோமொபீல் ஓட்டம் பெரும்பாலும் தடங்களில் நடக்கிறது. மாகாணக் கூட்டமைப்பில் இணைந்த உள்ளூர்க் கழகங்களின் தொண்டர்கள் பனியை இறுக்கிச் சமன்செய்து பராமரிக்கும் அத்தடங்கள் நீளத்துக்கும் ஒழுங்குக்கும் பெயர்பெற்றவை. ஸ்னோமொபீல் ஓட்டுபவர்களுக்கு அவை வரப்பிரசாதம். அத்தகைய இறுகிய பனியில் ஸ்னோ பைக் தன் குணங்கள் அத்தனையையும் இழக்கிறது. அகலமான ஒற்றைப் பலகை மற்ற வண்டிகள் கீறிவிட்ட பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் இழுக்கும். ஓட்டுபவர் கைபிடியோடு மல்லுக்கட்டிக்கொண்டே போக வேண்டும். பட்டை சுழல்வது நெகிழிச் சறுக்குக் கட்டைகளின்மேல். அவற்றுக்கு எண்ணெயும் இல்லை, கிறீஸும் இல்லை. தளர்ந்த பனி உள்ளே வந்து விழுந்துகொண்டிருப்பதே அவற்றுக்கு மசகும் குளிர்ச்சியும் ஆகும். பனிக்கட்டியாக இறுகிய தடத்தில் அந்தப் பனி வருவதில்லை. கட்டைகள் சூடேறி உருகிப் பட்டையோடு ஒட்டத் தொடங்கும். தடத்தைச் சுரண்டித் தூள்பனியைத் தெறிக்கவைக்கும் கம்பிகளைப் பூட்டிச் சமாளிக்கலாம் என்றாலும், அது நோயை ஆற்றுவதில்லை, தள்ளிப்போடுகிறது. மலையடிவாரத்திலிருந்து மேலே போவதற்காக நாங்கள் இறுகிய பாதையில் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடுகிறோம். நாளின் மிகச் சலிப்பான பகுதி அதுதான். ஒன்ராறியோவில் தடத்திலேயே ஓட்டப்போகும் ஒருவருக்கு முழுநாளும் அந்தச் சலிப்பாகவே கழியும். அவர் பழைய ஸ்னோமொபீல் ஒன்றை வாங்குவதே நல்லது. தடங்களில் ஸ்னோ பைக்கை அனுமதிப்பது, பதிவு, காப்புறுதி ஆகியவை மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடுவதால், பணம் கட்டுவதற்கு முன்பு உள்ளூர்க் கழகத்திடமும் காப்புறுதி முகவரிடமும் கேட்டுக்கொள்வது கட்டாயம்.

'இரண்டு பருவம்' என்ற கணக்கும் எனக்குச் சரியாக வரவில்லை. கம்லூப்ஸ் வறண்ட பள்ளத்தாக்கு. மார்ச் மாத இறுதியிலேயே எங்கள் குன்றுகளில் நிலம் காய்ந்து, டேர்ட் பைக் ஓட்டத்துக்கு ஆண்டின் மிகச்சிறந்த வாரங்கள் தொடங்கிவிடும். அதே வாரங்களில்தான் ரெவல்ஸ்ரோக்கின் உச்சிகளில் ஆழ்பனியும் நீண்ட பகலும் ஒன்றாகக் கிடைக்கின்றன. இரண்டுக்கும் ஒரே வண்டியை வைத்திருப்பவன் ஒன்றைத் தெரிந்தெடுத்துவிட்டு மற்றதை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்; வாரத்துக்கு ஒரு முறை நான்கு மணித்தியாலம் கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. என் நண்பர்களில் பெரும்பாலானோர் மூன்றாம் ஆண்டில் இரண்டாவது டேர்ட் பைக் ஒன்றை வாங்கிவிட்டார்கள். செலவைக் குறைக்கிறது என்று நம்பி வாங்கிய பொருள் செலவை இரட்டிப்பாக்கியது. நானே, வேறொருவர் பாவித்த தொகுதியைத்தான் 4,800 டொலருக்கு வாங்கினேன். பொருத்து உதிரிகள், தெர்மோஸ்ரற், காற்றுவடி, கைபிடிச் சூடேற்றி, மேலதிகப் பெற்றோல் கொள்கலன், பனிச்சரிவுக்கான பாதுகாப்புக் கருவிகள் எல்லாம் சேர்ந்தபோது ஒன்பதாயிரத்தை நெருங்கிவிட்டது. வண்டி ஏற்கனவே என்னிடம் இருந்தது.

பணத்தைவிடப் பெரிய விடயம் உயிர். ஸ்னோ பைக்கை நான் வியக்கும் காரணங்களே அதை ஆபத்தாக்குகின்றன. மரங்களுக்கிடையே எளிதாக நுழைவதாலும், சரிவின் குறுக்கே இலகுவாகப் போவதாலும், ஸ்னோமொபீல் ஓட்டுநர் பல ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகே எட்டும் இடங்களுக்கு ஒரு புதியவர் இரண்டாம் வாரத்திலேயே போய்விடுகிறார். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் நிகழ்கின்றன. ஸ்னோ பைக் ஓட்ட மிகவும் இன்பமான சரிவுகளும் அவையேதான். 2010ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் தேதி, ரெவல்ஸ்ரோக்கின் போல்டர் மலையில் ஸ்னோமொபீல் ஓட்டுநர்கள் கூடியிருந்த இடத்தின்மேல் பனிச்சரிவு இறங்கியபோது இருவர் உயிரிழந்தனர், முப்பது பேர்வரை காயமடைந்தனர். அதே மலையில்தான் நாங்களும் ஓட்டுகிறோம். அங்கே போகும் ஒவ்வொரு முறையும் அதை நினைத்துக்கொள்கிறேன்.

புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கிறார். அரைமணித்தியாலம் கடந்துவிட்டால் நம்பிக்கை மிகவும் குறைந்துவிடுகிறது. மீட்புக்குழு ஹெலிகொப்டரில் வந்து சேரும்வரை அந்தப் பதினைந்து நிமிடம் காத்திருக்காது. உடன் வந்த நண்பர்தான் தேடி எடுக்க வேண்டும். அதற்காக ஒவ்வொருவரும் 457 கிலோஹேர்ட்ஸில் இயங்கும் சமிக்ஞைக் கருவியை உடம்போடு கட்டியிருக்க வேண்டும். குத்திப் பார்க்கும் நீண்ட கோலும் மண்வாரியும் வண்டியில் அல்ல, முதுகுப்பையில் இருக்க வேண்டும். வண்டி ஓரிடத்திலும் ஆள் வேறிடத்திலும் புதைவது வழக்கம் என்பதே அதற்குக் காரணம். ஸ்னோ பைக்கில் இன்னுமொரு சிக்கல் உண்டு. மரங்களுக்குள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியாகப் பிரிந்துவிடுவதால், பின்னால் வந்தவர் காணாமற்போனது தெரிவதற்கே பல நிமிடங்கள் ஆகின்றன. நாங்கள் இருவர் இருவராக, ஒருவரையொருவர் பார்வையில் வைத்தபடி ஓட்டுகிறோம். ஹெல்மெற்றுக்குள் வானொலித் தொடர்பும் வைத்திருக்கிறோம். பனிச்சரிவு பற்றிய அடிப்படைப் பயிற்சி வகுப்புக்கு இரண்டு நாட்கள் போதும். வண்டி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் அந்த வகுப்பின் கட்டணத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் விருந்தாளிகளாகப் போகும் அந்தக் காட்டில் முன்பே குடியிருக்கும் உயிர்களும் உண்டு. மலைக் கரிபு மான்கள் குளிர்காலத்தை உயரமான ஆழ்பனியில் கழிப்பதற்குக் காரணம், ஓநாய்களால் அந்தப் பனியில் எளிதில் நடந்து வர முடியாது என்பதுதான். எங்கள் பட்டைகள் இறுக்கிவிட்டுப் போகும் தடம் ஓநாய்க்குப் போடப்பட்ட பாதையாகிவிடுகிறது. தென் செல்கேர்க் மலைத்தொடரின் கூட்டத்தில் எஞ்சியிருந்ததை 2019 ஜனவரியில் பிடித்து, ரெவல்ஸ்ரோக்கின் வடக்கே வேலியடைத்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கூட்டம் அத்தோடு இல்லாமற்போனது. இப்பகுதியில் பல சரிவுகள் மான்களுக்காக மூடப்பட்டுள்ளன. எல்லைக்குள் நுழையும் சிலரைப் பார்த்திருக்கிறேன். ஒடுங்கிய தடம் யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் அவர்களுக்கு. மரங்களுக்குள் நுழையக்கூடிய வண்டி என்பதால் மூடிய காட்டுக்குள்ளும் நுழையலாம் என்று எங்கள் இளைஞர்கள் யாரும் எண்ணக் கூடாது. மூடிய பகுதிகளின் வரைபடத்தைக் கைபேசியில் இறக்கிக்கொண்டு போவதற்கு ஐந்து நிமிடம்கூடத் தேவையில்லை.

இத்தனையும் எழுதியது யாரையும் தடுப்பதற்காக அல்ல. மேற்கே வந்து, நல்ல ஆழ்பனியில், அறிந்தவர்களோடு ஒரு நாள் வாடகை வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன்பின் தம்முடைய வண்டியை மாற்றுவதா என்று முடிவு செய்யும்படியே கேட்கிறேன். நான் அப்படிச் செய்யவில்லை. செய்திருந்தால் முதல் குளிர்காலத்தின் பாதியை இழந்திருக்க மாட்டேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ரெவல்ஸ்ரோக்கிலிருந்து இயங்கும் அவலாஞ்ச் கனடா நிறுவனம் குளிர்காலத்தில் நாள்தோறும் மலைப்பகுதிகளுக்கான பனிச்சரிவு முன்னறிவிப்பை வெளியிடுகிறது. அது ஆபத்தை ஐந்து படிகளாகப் பிரிக்கிறது. குறைவு, மிதம், கணிசம், உயர்வு, மிகவுயர்வு என்று அவற்றைத் தமிழில் சொல்லலாம். மூன்றாவது படியான 'கணிசம்' ஐந்தில் நடுவே நிற்பதால், பரவாயில்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்தப் படியில் மனிதர்களின் எடையே பனிச்சரிவைத் தூண்டிவிடக்கூடும், உயிரிழப்புகளில் பெரும்பகுதியும் அந்தப் படி அறிவிக்கப்பட்ட நாட்களிலேயே நேர்கிறது. அடுத்த முறை குளிர்கால விளையாட்டுகள் பற்றி எழுதும்போது, இந்த ஐந்து படிகளின் பொருளையும் தமிழில் ஒரு சிறு கட்டமாக வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். மகன் எந்த மலைக்குப் போகிறான் என்று விசாரிக்கும் ஒரு தாய், அன்றைக்கு அந்த மலை எந்தப் படியில் இருக்கிறது என்றும் அவனிடம் கேட்கக்கூடியதாக இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர் ஒருவர்,
கம்லூப்ஸ், பிரிட்டிஷ் கொலம்பியா